பலகையில் எழுதிய பழையது

தம்பி பிலிப்பைன்ஸ் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறான் என்று தெரிந்ததும் அம்மா மதத்தைப் பற்றிக் கேட்கவில்லை, மொழியைப் பற்றியும் கேட்கவில்லை. “அவுக காலைல என்னடே சாப்பிடுவாக?” என்றுதான் கேட்டாள். துபாயிலிருந்து தம்பி, “சோறும்மா” என்றான். மத்தியானம்? சோறு. ராத்திரி? சோறு. அம்மா போனை என் கையில் கொடுத்துவிட்டு, “நல்லதாப் போச்சு, மாவாட்டுற வேல மிச்சம்” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் குரலில் ஓர் இளக்காரம் இருந்தது.

இளக்காரத்துக்குக் காரணம் உண்டு. தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக் காலைப் பந்தியில் இட்லி, தோசை, ஆப்பம், புட்டு எது வேண்டுமானாலும் வரலாம். சோறு வராது. முந்தின இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றிவைத்த பானை ஒன்று அடுப்படி மூலையில் எப்போதும் இருக்கும். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அம்மாவும் ஆச்சியும் வேலைக்கு வருகிற அக்காவும் அங்கேயே உட்கார்ந்து, உப்புப் போட்டு மோர் விட்டுப் பிசைந்து, சின்ன வெங்காயத்தையோ சுட்ட கருவாட்டையோ கடித்துக்கொண்டு அதைச் சாப்பிடுவார்கள். அந்த நேரம் பார்த்து வாசலில் யாராவது குரல் கொடுத்தால் ஆச்சி பானையை மூடி, கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துவிட்டுத்தான் வெளியே வருவாள். வீட்டில் பழையது தின்கிறார்கள் என்பது வாசலுக்குத் தெரியக்கூடாது.

2019 மார்ச்சில் சம்பந்தி வீட்டைப் பார்க்கப் போனோம். அம்மா, நான், என் கணவர், எங்கள் மகன், கூடவே தம்பியும் அவன் மனைவியும். மணிலா என்று சொல்லிக்கொண்டாலும் அவர்கள் இருப்பது மரிக்கினாவில். மெட்ரோ மணிலாவின் கிழக்கு ஓரம், ஆற்றங்கரை ஊர். 2009இல் ஒண்டோய் புயல் வந்தபோது அந்த ஆறு பெருகி ஊரையே மூழ்கடித்தது. தண்ணீர் எதுவரை ஏறியது என்பதை இன்னும் சுவரைத் தொட்டுக் காட்டுகிறார்கள். மற்றபடி மரிக்கினா என்றால் காலணி. 1887இல் ஊராரால் கப்பித்தான் மோய் என்று அழைக்கப்பட்ட லவுரியானோ குவேரா தொடங்கிவைத்த தொழில் அது. சம்பந்தி அந்தப் பட்டறைகளில் தோல் வெட்டியே மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். மலிவான வெளிநாட்டுச் செருப்பு வந்து இறங்கிய பிறகு பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடிப்போக, அவரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். வலது கை ஆள்காட்டி விரல் மட்டும் இன்னும் கத்தி பிடித்த வளைவிலேயே நிற்கிறது.

போய்ச் சேர்ந்த மறுநாள் விடிந்ததும் அவர் எல்லோரையும் கிளப்பினார். வீட்டில் சமைக்க வேண்டாம், ஊருக்கு வந்தவர்கள் முதலில் தாப்சிலோக் சாப்பிட வேண்டும் என்பது அவர் தீர்மானம். தெருவில் இறங்கினால் இரண்டு வாளிகளைக் காவடியாகத் தோளில் சுமந்த ஒருவர் “தாஹோ” என்று நீட்டிக் கூவிக்கொண்டு போனார். இளஞ்சூடான சோயாத் தயிர், மேலே வெல்லப்பாகும் ஜவ்வரிசியும். மகன் நடந்தபடியே ஒரு டம்ளரை முடித்தான்.

கடை பெரிய கடை இல்லை. தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலி, ரெக்சின் விரித்த மேசை. மூலைத் தட்டில் குழந்தை யேசு, அதற்கு ஒரு சின்னச் சிவப்பு பல்பு. ஒவ்வொரு மேசையிலும் மூன்று பாட்டில்: காடி, சோயா, மீன் சாறு. காலை ஆறரைக்கே இடம் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு பக்கம் ஜீப்னி வண்டி ஓட்டுநர்கள். இன்னொரு பக்கம் இரவு முழுக்க அமெரிக்காக்காரர்களுக்குப் போனில் பதில் சொல்லிக் களைத்துப்போன கால்சென்டர் பிள்ளைகள், கழுத்தில் அடையாள அட்டையோடு. எங்களுக்குக் காலைச் சாப்பாடு, அவர்களுக்கு அது ராச்சாப்பாடு.

சுவரில் விலைப்பலகை. தாப்சிலோக், தொசிலோக், லோங்சிலோக், பாங்சிலோக், ஸ்பாம்சிலோக், ஹாட்சிலோக் என்று வரிசையாக எழுதியிருந்தது. சினங்காக் என்கிற பூண்டுச் சோறும் இட்லோக் என்கிற முட்டையும் எல்லாத் தட்டிலும் உண்டு. முன்னதன் தலையும் பின்னதன் வாலும் சேர்ந்ததுதான் பெயர்களின் கடைசியில் வரும் ‘சிலோக்’. கூட வருவது தாபா என்கிற மாட்டிறைச்சியா, மீனா, தகர டப்பாக் கறியா என்பதைத் தலைப்பகுதி சொல்லிவிடும். மகனுக்கு இந்த இலக்கணம் உடனே பிடிபட்டு, மட்டன்சிலோக், கருவாட்டுசிலோக் என்று தானாகவே போட ஆரம்பித்தான்.

“இந்தப் பேர் எங்க ஊர்ல பிறந்தது” என்றார் சம்பந்தி. அவர் தகலோக்கில் சொல்வதைத் தம்பி மனைவி ஆங்கிலத்தில் சொல்ல, தம்பி அம்மாவுக்குத் தமிழில் சொல்ல, ஒவ்வொரு பேச்சும் மூன்று கை மாறி வந்தது. 1980களில் மரிக்கினாவில் இருந்த ‘தாப்சி நி விவியன்’ என்ற கடைதான் தாப்சிலோக் என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது என்று அங்கே பரவலாகச் சொல்கிறார்கள். சாப்பாடு அதற்கு முன்பே எல்லா வீட்டிலும் இருந்ததுதான். கடையில் அதற்கு ஒரு பெயரும் விலையும் கிடைத்தது. “எட்டு மணிக்குக் கத்தி எடுக்கணும். ரொட்டி தின்னுட்டுப் போனா பத்து மணிக்குக் கை நடுங்கும், தோல் கோணலாப் போகும். சோறு தின்னா மதியம் வரைக்கும் கோடு நேராப் போகும்.” அவர் அதைச் சொல்லும்போது அந்த வளைந்த விரல் மேசையில் ஒரு கோடு இழுத்தது.

அம்மாவால் உட்கார முடியவில்லை. எந்தக் கடைக்குப் போனாலும் அடுப்படியை எட்டிப் பார்க்காமல் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. இந்தக் கடையில் அடுப்படி பக்கவாட்டில் திறந்தே கிடந்தது. நானும் கூடப் போனேன். ஓர் அலுமினிய அண்டாவில் கட்டிகட்டியாகச் சோறு. சமைக்கிற பெண் கையைத் தண்ணீரில் நனைத்து நனைத்து ஒவ்வொரு கட்டியையும் விரலால் உடைத்து உதிர்த்துக்கொண்டிருந்தாள். பருக்கை உடையாமல் கட்டி மட்டும் உடைய வேண்டும், அதற்குத் தனி அழுத்தம். பக்கத்து அடுப்பில் தட்டிப் பொடியாக நறுக்கிய பூண்டு ஏராளமான எண்ணெயில் சிறு தீயில் பொரிந்தது. நிறம் மாறத் தொடங்கியதுமே பாதியை அரித்துக் காகிதத்தில் எடுத்துவைத்தாள். ஒரு நிமிடம் தப்பினால் கசந்துவிடும். மீதிப் பூண்டோடு சோற்றைக் கொட்டி, உப்புப் போட்டு, தீயைக் கூட்டினாள். மஞ்சள் இல்லை, மிளகாய் இல்லை, கடுகு கறிவேப்பிலை எதுவும் இல்லை. சோறு சட்டியில் பொரியாகத் துள்ள ஆரம்பித்ததும் இறக்கி, எடுத்துவைத்த பூண்டை மேலே தூவினாள். அவ்வளவுதான்.

அம்மா என் காதருகில் குனிந்தாள். “ஏளா, இது நேத்து வடிச்ச சோறுல்லா.”

பின்னாலேயே வந்திருந்த தம்பி மனைவிக்கு அந்த அளவுத் தமிழ் புரிந்தது. “ஆமா அத்தை. நேத்து சோறுதான் வேணும். புது சோறு ஒட்டும், நல்லா வராது.” ஒளிக்க வேண்டிய விஷயம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வடித்த சோறு ஒரு ராத்திரி ஆறிக் கிடந்தால் அதிலுள்ள மாவுச்சத்து இறுகி, பருக்கை தனித்தனியாக நிற்கும். புதிதாக வடித்ததைப் போட்டு வதக்கினால் களியாகிவிடும். அதனால் பிலிப்பைன்ஸ் வீடுகளில் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதில்லை. காலைக்கு வேண்டும் என்றே ராத்திரி ஒரு படி கூட வைக்கிறார்கள்.

தட்டுகள் வந்தன. கிண்ணத்தில் அழுத்திக் கவிழ்த்த சோறு, மஞ்சள் கரு உடையாத முட்டை, தக்காளித் துண்டு இரண்டு, வெள்ளரி, பப்பாளிக் காயைத் துருவிக் காடியிலும் சர்க்கரையிலும் போட்ட அச்சாரா. ஆளுக்கொரு சின்னக் கிண்ணத்தில் சுடச்சுட எலும்புச் சாறு, அதற்குக் காசு இல்லை. வலது கையில் ஸ்பூன், இடது கையில் முள்கரண்டி, முள்கரண்டியால் தள்ளி ஸ்பூனில் ஏற்றிச் சாப்பிடுவது அங்கே வழக்கம். அம்மா இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டாள். அதைப் பார்த்ததும் சம்பந்தியம்மா ஒரு வார்த்தை பேசாமல் தன் ஸ்பூனையும் எடுத்துவைத்துவிட்டு, எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர்களுக்கும் கையால் சாப்பிடுவது பரம்பரை வழக்கம்தான். கொஞ்ச நேரத்தில் மேசை முழுவதும் கைக்கு மாறிவிட்டது.

அம்மா மாட்டிறைச்சி தொடமாட்டாள் என்பதால் அவளுக்குப் பாங்சிலோக். பாங்குஸ் என்பது நம் பால் கெண்டை. உவர்நீர்க் குட்டைகளில் வளர்க்கிறார்கள். வடக்கே பங்கசினான் மாகாணத்து டகுபான் பாங்குஸுக்கு மவுசு அதிகம். முதுகுப் பக்கமாகப் பிளந்து புத்தகமாக விரித்து, காடியும் பூண்டும் மிளகும் சேர்த்து ராத்திரி ஊறவைத்து, காலையில் பொரிக்கிறார்கள். அம்மா முதலில் விரலால் தடவிப் பார்த்தாள், முள்ளைத் தேடி. கிடைக்கவில்லை. இன்னொரு பக்கம் தடவினாள். அங்கும் இல்லை. பால் கெண்டைக்கு இருநூறுக்கு மேல் முள், அதிலும் சதைக்குள் கவட்டையாகப் பிரிந்து நிற்கிற நுண்முள். சந்தையில் அதற்கென்றே பெண்கள் உட்கார்ந்து, சிறு இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறார்கள் என்று சம்பந்தியம்மா தன் கை நகத்தைக் கொண்டு நடித்துக் காட்டினார். “முள்ளுக்குப் பயந்து நம்ம வீட்டுல இத வாங்குறதே கெடையாது. இம்புட்டு ருசியா இருக்கும்னு தெரியாமப் போச்சே” என்று அம்மா வயிற்றுப் பகுதிக் கொழுப்பை வழித்து வாயில் போட்டாள்.

பிறகு காடி. சிறு கிண்ணத்தில் பச்சை மிளகாயும் பூண்டும் மிதந்தன. மீனைத் தோய்த்து வாயில் வைத்த அம்மா நிமிர்ந்தாள். “இது கள்ளுல்லா?” அவள் அப்பாவுக்கு உடன்குடிப் பக்கம் பனை இருந்தது. புளித்த கள்ளின் மணத்தை அவளிடம் யாரும் ஒளிக்க முடியாது. தம்பி விசாரித்துச் சொன்னான்: தென்னங்கள் புளித்து வந்த காடிதான். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு காடி. இலோக்கோஸில் கரும்புச் சாறு, புலக்கான் மாகாணத்துப் பவோம்போங்கில் சேற்றில் வளரும் நீப்பாப் பனை. மரத்திலிருந்து இறங்கியதைக் குடித்தது போக மிச்சம் புளிக்கட்டும் என்று விட்டால் அதுவே ஒரு வருடத்து ஊறுகாய்க்கும் கறிக்கும் காவல்.

அப்போதுதான் எனக்கு அந்தத் தட்டின் கணக்கு விளங்கியது. முட்டையையும் தக்காளி, வெள்ளரியையும் தள்ளிவிட்டால் அதில் இருந்த எதுவும் அன்றைக்குப் பிறந்ததில்லை. சோறு நேற்றையது. மீன் ராத்திரி ஊறியது. தாபா மாட்டிறைச்சியை மெலிதாகச் சீவி உப்பிலும் காடியிலும் ஊறவைத்தது. குளிர்பெட்டி வருவதற்கு முன் வெயிலிலும் காயவைப்பார்கள். தொசினோ பன்றி இறைச்சியைச் சர்க்கரையில் பதப்படுத்தியது. லோங்கனிசா குடலில் அடைத்த உப்புக்கறி. அச்சாராவும் காடியும் எத்தனை மாதம் ஆனதோ. வெக்கையும் மழையும் மாறி மாறி அடிக்கிற, வைத்த பண்டம் மறுநாளே பூசணம் பிடிக்கிற ஊரில், கெடாமல் காத்ததையெல்லாம் ஒரு தட்டில் அடுக்கினால் அதுதான் அவர்கள் காலைச் சாப்பாடு. சிக்கனத்தில் பிறந்தது, சாப்பிடும்போது விருந்தாக இருந்தது.

லோங்கனிசாவை அவர்கள் பொரிக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். சட்டியில் எண்ணெய் விடுவதில்லை. தண்ணீர் விட்டு வேகவைக்கிறார்கள். தண்ணீர் சுண்டச் சுண்டக் கறியின் கொழுப்பு வெளியே வந்து, கடைசியில் அது தன் கொழுப்பிலேயே பொரிந்து மினுங்குகிறது. வீகான் ஊர்க்காரர்களுடையது பூண்டும் புளிப்புமாக இருக்கும், லுக்பானுடையதில் ஒரேகானோ இலை மணக்கும், இன்னும் சில ஊர்களில் நல்ல இனிப்பு. மகன் இனிப்பைப் பிடித்துக்கொண்டான். எனக்குக் காலையில் இனிப்புக் கறி சட்டென்று ஒத்துவரவில்லை. தட்டில் தயங்கிய என் கையைப் பார்த்துவிட்டுச் சம்பந்தி பாடம் எடுத்தார்: கறி கொஞ்சம், சோறு அதைப்போல மூன்று பங்கு, நுனியில் ஒரு சொட்டுக் காடி. சரியாகத்தான் இருந்தது. கறி அங்கே தொடுகறி. தின்பது சோறுதான்.

என் கணவர் ஸ்பாம்சிலோக் கேட்டதில் சம்பந்திக்கு ஒரு வருத்தம். டப்பாக் கறிக்கு இங்கே வரவேண்டுமா என்றார். பிறகு அவரே சொன்னார். 1898 முதல் 1946 வரை அமெரிக்காக்காரன் ஆண்ட நாடு. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு சிப்பாய்களின் டப்பா உணவு ஊரெங்கும் பரவியது. அவருடைய அப்பா டப்பாக் கறியை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், வெற்றிலையாக மெலிதாகச் சீவி எல்லோருக்கும் பங்கு வைப்பாராம்.

சாப்பாடு முடிந்தது என்று நினைத்தபோது சம்பந்தியம்மா சம்பொராடோ வரவழைத்தார். ஒட்டும் அரிசியைக் கஞ்சியாகக் காய்ச்சி, கொக்கோ வில்லைகளைக் கரைத்து, மேலே பால் ஊற்றியது. பக்கத்தில் ஒரு தட்டில் துயோ, பொரித்த கருவாடு. இரண்டும் சேர்த்துச் சாப்பிட வேண்டியது. 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அக்கபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் கப்பல் ஓடிய காலத்தில் வந்து சேர்ந்தது கொக்கோ. அங்கே மக்காச்சோள மாவில் காய்ச்சுகிற பானம் இங்கே அரிசிக் கஞ்சியாகிவிட்டது. கருவாட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தது இந்தத் தீவுக்காரர்களின் சொந்த யோசனை. அம்மா கருவாட்டைப் பார்த்து முகம் மலர்ந்து, கஞ்சியின் நிறத்தைப் பார்த்துச் சுருங்கினாள். முதலில் இரண்டையும் தனித்தனியாகவே சாப்பிட்டாள். பிறகு யாரும் பார்க்காதபோது ஒரு துண்டைக் கஞ்சியில் முக்கினாள். கிண்ணம் காலியானபோது, “கருப்பட்டிக் கஞ்சிக்குக் கருவாடு கடிச்சதில்லையா நாம” என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

காப்பி பத்தாங்கஸ் மாகாணத்து பராக்கோ. சம்பந்தியம்மாவின் பிறந்த ஊர் அங்கேயுள்ள லிபா. லிபெரிக்கா என்ற காப்பி வகை, கொட்டை பெரிது, கசப்பும் அதிகம், முகர்ந்தால் மெல்லிய பலாப்பழ வாசனை. ஒரு காலத்தில் அவர் ஊர் காப்பிப் பணத்தில் மிதந்ததாம். மற்ற நாடுகளில் இலைத் துரு நோய் காப்பியை அழித்துக்கொண்டிருந்தபோது லிபாக்காரர்களுக்கு நல்ல விலை. 1889 வாக்கில் அதே நோய் அங்கும் வந்து தோட்டங்களை முடித்துவைத்தது. இந்தக் கதையின் முதல் பாகம் எங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த நோய் 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்டு, அங்கே காப்பி அழிந்து தேயிலை வந்து, நம் பக்கத்து ஆட்கள் அந்த மலைகளிலேயே தலைமுறை தலைமுறையாக நின்றுவிட்டார்கள். தூத்துக்குடிக்காரர்களுக்குக் கொழும்பு அடுத்த தெரு. “அந்த நோவு இங்கயும் வந்துச்சா?” என்று கேட்ட அம்மா, சம்பந்தியம்மாவின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கடைத் தொலைக்காட்சியில் அரிசிச் செய்தி ஓடியது. அரிசி இறக்குமதிக்கான கட்டுப்பாட்டைத் தளர்த்தும் சட்டம் அந்த மாதம்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. விலை குறையும் என்று ஒரு கட்சி, உழவன் சாவான் என்று ஒரு கட்சி. பக்கத்து மேசை ஜீப்னி ஓட்டுநர் மூன்றாவது முறையாகச் சோறு வாங்கிக்கொண்டே அதைப் பார்த்துத் திட்டினார். 2017இல் ஒரு செனட்டர், வேண்டிய மட்டும் சோறு போடும் கடை வழக்கத்தை நிறுத்தலாம், ஜனங்கள் அளவுக்கு மீறிச் சோறு தின்கிறார்கள் என்று பேசிவிட்டு நாடே திரண்டு ஏசியதில் பின்வாங்கினாராம். சம்பந்திக்கு வேறு ஆதங்கம். “உலகத்துக்கே நெல் ஆராய்ச்சி பண்ற நிறுவனம் எங்க லாஸ் பான்யோஸ்ல இருக்கு. அரிசி மட்டும் வியட்நாம்ல இருந்து வருது.”

1960இல் தொடங்கிய சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அது. நம் எம்.எஸ்.சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை அதன் தலைமை இயக்குநராக இருந்தார். 1966இல் ஐ.ஆர். 8 அங்கிருந்துதான் வெளிவந்தது என்று தம்பி சொன்னதும் அம்மா காப்பியைக் கீழே வைத்தாள். “ஐ.ஆர். எட்டா? அந்தக் குண்டு அரிசியா? எங்க அம்மைக்கு அதக் கண்டாலே ஆகாது. சூட்டோட தின்னா சரி, ஆறினா வெறச்சுப்போகும். பழையதுக்குத்தான் லாயக்கும்பா.” ஐ.ஆர். 20, ஐ.ஆர். 36 என்று வரிசையாகத் தன் அடுப்படி மூட்டைகளின் பெயர்களைச் சொன்னாள். இந்தப் பெயர்களையெல்லாம் வாழ்நாள் முழுக்க உச்சரித்தவள், அவை பிறந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதை அன்றுதான் அறிந்தாள். ஆறினால் விறைக்கிற அரிசி என்றதும் சம்பந்தியம்மா உற்சாகமானார். அதுதானே சினங்காகுக்கு வேண்டும்!

அந்தக் கடையில் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது வேறொன்று. எங்கள் வீட்டு அடுப்படி மூலையில் இருந்த பானையும் இந்த அலுமினிய அண்டாவும் ஒரே யோசனையில் பிறந்தவைதான். நாம் தண்ணீர் ஊற்றிக் காத்தோம், அவர்கள் எண்ணெயில் புரட்டிக் காத்தார்கள். வித்தியாசம் அதற்குப் பிறகுதான் வருகிறது. அவர்கள் அதைப் பலகையில் எழுதி, வாசலில் மாட்டி, விலை போட்டு, புதுச் சம்பந்தியை முதல் நாளே அழைத்துவந்து உட்காரவைக்கிறார்கள். நாமோ கதவைச் சாத்திக்கொண்டு தின்றோம். பழையது யார் பங்கு என்பதிலேயே யாருக்கு வீட்டில் என்ன மதிப்பு என்பது இருந்தது. அப்பா ஒரு நாளும் அந்தப் பானையைத் தொட்டு நான் பார்த்ததில்லை. இப்போது சென்னையில் மண்சட்டியில் பழைய சோறு விற்கிறார்கள், நல்ல விலைக்கு. ஆனால் அதற்கும் குடலுக்கு நல்லது, சூட்டுக்கு நல்லது என்று ஒரு மருத்துவச் சீட்டைக் கையில் கொடுத்துத்தான் உள்ளே அனுப்புகிறோம். மரிக்கினாக் கடையில் யாரும் எதற்கு நல்லது என்று கேட்கவில்லை. பசித்தது, ருசித்தது, தோல் நேராக வெட்ட வந்தது.

ஒரு தட்டு நூறு பெசோவை ஒட்டி வந்தது, அன்றைய கணக்கில் 130 ரூபாய். பில்லுக்கு என் கணவரும் சம்பந்தியும் மல்லுக்கட்டினார்கள். சம்பந்தி உள்ளே நுழையும்போதே பணம் கொடுத்து வைத்திருந்தார்.

அந்த டிசம்பரில் அவர்கள் தூத்துக்குடி வந்தார்கள். அம்மா கிடுகிடுத்துப்போனாள். முதல் நாள் காலை இட்லி, வடை, பொங்கல், பூரி. மறுநாள் ஆப்பம், தேங்காய்ப்பால், ஆட்டுக்கால் பாயா. பழையதைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று சம்பந்தியம்மா தம்பி வழியாகக் கேட்டனுப்பினார். “சம்பந்திக்குப் பழையது போட்டேன்னு நாளைக்கு ஊரே சொல்லும்” என்று அம்மா மறுத்துவிட்டாள். மரிக்கினாவில் ரசித்துச் சாப்பிட்டதெல்லாம் அவள் கணக்கில் வேறு, நம் வாசலுக்குள் நடப்பது வேறு.

ஆனால் சம்பந்தியம்மாவும் அடுப்படிக்காரிதான். அன்று ராத்திரி அம்மா மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றச் செம்பை எடுத்தபோது அவர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். “பலாயெ, நோ வாட்டர்.” அங்கே சம்பந்தியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சோற்றை அகலத் தட்டில் பரத்தி, மேலே துணியால் மூடிவைத்தார். காலையில் நாங்கள் எழுவதற்குள் மலைப்பூண்டு நசுக்கியாகிவிட்டது. புழுங்கலரிசிச் சோறு என்பதால் இன்னும் நன்றாக உதிர்ந்தது. ஆளுக்கொரு முட்டை, பொரித்த நெத்திலிக் கருவாடு, காடிக்குப் பதில் எலுமிச்சம்பழம். அப்பா இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நேற்றைய சோறு என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

வாசலில் அடுத்த வீட்டு மதினி எட்டிப் பார்த்தாள். இந்த முறை அம்மா எதையும் மூடவில்லை. ஒரு தட்டில் வைத்து அவள் கையில் கொடுத்தாள். மதினி ஒரு வாய் வைத்து, மென்று, யோசித்து, “என்ன மதினி, பழைய சோத்த வதக்கி வச்ச மாதிரில்லா இருக்கு?” என்றாள்.

“பழைய சோறா?” என்றாள் அம்மா. “பிலிப்பைன்ஸ் டிபன். ஒரு தட்டு நூத்தி முப்பது ரூவா, தெரியும்லா?”